எக்ஸ்ரே அறைக்குள் வந்த மலை

மணி பத்து இருபத்தேழு. இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை, கேமரா சொல்கிறது. அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்தால் நேரம் நொடி வரைக்கும் வருகிறது. படத்தில் ஒரு மலை தலைகீழாகத் தொங்குகிறது. அதன் உச்சிக்கும் கீழே, மேகம் இருக்கும் இடத்தில், என் மகளின் கை. ஐந்து விரல்களையும் விரித்து மேகத்தைத் தொடுவதுபோல் வைத்திருக்கிறாள். இருட்டில் எடுக்கும் படம் என்பதால் முப்பது நொடி கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவளும் அசைக்கவில்லை.

அந்த முப்பது நொடியில்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. எனக்கு அது தெரியாது. நாற்பத்தொன்பது வருஷத்தில் நான் கண்ட எல்லாவற்றையும்விட அழகான ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் தென்காசியில் ஒரு கட்டட மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிவில் டிப்ளமோ படித்தவள். ஒரு கட்டடம் கைமாறும்போதோ இடிக்கப்படும்போதோ முன்கூட்டியே போய், ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, விரிசல் எங்கே, ஒழுக்கு எங்கே, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். ஓர் அறைக்கு நான்கு சுவர், தரை, கூரை என்று ஆறு படங்கள். அதற்கு மேல் எடுத்தால் யாரும் பார்க்கப் போவதில்லை.

நான் ஏழாவதையும் எடுப்பேன். சுவரை அல்ல, சுவரில் விழும் வெயிலை. ஒழுக்கை விட்டுவிட்டு ஒழுகிய தண்ணீர் பல வருஷமாக வரைந்து வைத்திருக்கும் பழுப்புக் கோட்டை. அந்தப் படங்களைக் கணினியில் ஒரு தனி உறையில் போட்டு 'வேண்டாதவை' என்று பெயர் வைத்திருந்தேன். அலுவலகத்தில் யாராவது திறந்து பார்த்தாலும் கேள்வி வராது. வீட்டில் மகளுக்கு மட்டும் அது தெரியும்.

பாழடைந்த வீடுகள் எனக்கு வருத்தம்தான் தரும். ஆஸ்பத்திரிகள் அப்படியில்லை. முதலில் பார்த்தது ஆலங்குளம் பக்கம் மூடிக் கிடந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. வரிசையாக இரும்புத் தொட்டில்கள், ஒவ்வொன்றின் கம்பியிலும் ஒரு குளவிக்கூடு. வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு காலத்தில் ஓர் எறும்பைக்கூட உள்ளே விடாமல் நாளைக்கு மூன்று வேளை மருந்து ஊற்றித் துடைத்த தரை அது. அந்தத் தரைக்கு இப்போது எல்லாம் வந்திருந்தன. எறும்பு வந்திருந்தது, குளவி வந்திருந்தது, ஓர் அரசங்கன்று வந்திருந்தது. கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆணி குத்தும் என்று நினைவு வந்து திரும்பப் போட்டுக்கொண்டேன்.

இந்த ஆஸ்பத்திரி குற்றாலத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஒரு டாக்டர் குடும்பத்தினுடையது. டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. அதற்கு முன்னால் நான் போய்ப் படமெடுக்க வேண்டும்.

ஆனி முடிகிற நேரம், சாரல் நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் சாரலுக்குக் குடை பிடித்தால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். நாங்கள் நனைந்துகொண்டே போவோம். நனைகிற மாதிரியே இருக்காது. போனும் பையும் மட்டும் நனையக் கூடாது என்று ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவோம். அன்றைக்கு லீவுக்கு வந்திருந்த மகளும் என்னோடு வந்தாள்; அன்றைக்கும் வைத்தேன். என் போன், அவள் போன், என் கறுப்புக் கைப்பை. கேமரா கழுத்தில் மழையுறையோடு கிடந்தது, அதை நிறுத்தும் முக்காலி தோளில்.

கைப்பையில் அவளுடைய இன்ஹேலர் இருந்தது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். பத்தொன்பது வயதாகிறது, மதுரையில் படிக்கிறாள், மூன்று வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் நான் கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அது என் பையில் இருக்கும். "எனக்கு வீசிங் நின்னுட்டு, உனக்குத்தான்மா இன்னும் நிக்கல" என்று கேலி செய்வாள். பதினாறு வருஷம் கையை விட்டு இறக்காத பையை, ஒரு மணி நேர வேலைதானே என்று அன்றைக்கு சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

காவல்காரர் தோளில் துண்டோடு தயாராக நின்றார்.

"பாத்துட்டு இருங்க மேடம். அருவியில தண்ணி நல்லா விழுது. ஒரு குளியல் போட்டுட்டு பதினோரு மணிக்கெல்லாம் வந்துருதேன்."

"உள்ளூர்ல இருந்துக்கிட்டு இன்னுமா குளிக்கல?"

"வெளியூர்க்காரன் எடம் விட்டாத்தான மேடம் உள்ளூர்க்காரன் குளிக்க முடியும்" என்று சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டு சைக்கிளை மிதித்தார்.

முன்வாசலைத் திறந்து நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

நீண்ட நடைபாதை. மேலே ஓடு சரிந்த இடங்களில் வானம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரங்களின் வழியே சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று திரும்பும்போது திரைச்சீலைபோல் ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஆண்கள் வார்டில் கட்டில்கள் இல்லை. தரையில் கட்டில் கால்கள் நின்ற தடங்கள் மட்டும் நான்கு நான்காக இருந்தன. ஆபரேஷன் தியேட்டர் சுவரின் வெள்ளை ஓடுகளில் பச்சை ஏறியிருந்தது. இந்த ஓட்டுக்கும் அந்த ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டில் மட்டும் பாசி பிடித்து, சுவர் முழுக்கக் கட்டம் போட்ட நோட்டுபோல் ஆகியிருந்தது. சிலிண்டர் நிறுத்தும் வளையத்தில் ஒரு பெரணிச்செடி. அதற்கென்றே செய்த தொட்டிபோல் அந்த வளையம் அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"யம்மா, ஆறு படம்தான்னு சொன்ன. இது எத்தனாவது?"

"பேசாம நில்லுட்டி. கை ஆடுது."

"ரிப்போர்ட்ல இத என்னன்னு எழுதுவ?"

"'சுவரில் தாவர வளர்ச்சி. சேதம் கடுமை.' அப்படித்தான் எழுதணும்."

"அதுக்கு அடியில சின்னதா, 'ஆனா நல்லாருக்கு'ன்னு எழுதிரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அவள் வயதில் இப்படி ஒன்றைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள எனக்கு ஆள் இருந்ததில்லை.

நடைபாதையின் கடைசியில் எக்ஸ்ரே அறை. கதிர் வெளியே போகாமல் இருக்க உள்ளுக்குள் ஈயத்தகடு அடித்த கனத்த மரக்கதவு, உட்பக்கமாகத் திறப்பது. உள்பக்கக் கைப்பிடியை எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. மகள் முதலில் உள்ளே போனாள். போகும்போதே வலதுகால் செருப்பைக் கழற்றிக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகினாள்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாரல் மாதங்களில் எங்கள் பக்கம் மரக்கதவுகள் ஊதிப்போகும். வைகாசி வரை ஒரு விரலால் சாத்திய கதவு ஆனியில் மாட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் குளியலறை வாசலில் ஒரு பழைய செருப்பு கிடக்கும். உள்ளே போகிறவர் அதைக் கதவிடுக்கில் காலால் தள்ளிவிட்டுத்தான் சாத்துவார். யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. மகளும் யோசித்துச் செய்யவில்லை. சாரல், கதவு, அவ்வளவுதான்; கால் தானாகச் செய்தது.

"யம்மா, சுவத்துல என்னமோ அசையுது."

கதவிடுக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எதிர்ச்சுவரில் மங்கலாக ஏதோ நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மேற்குச் சுவரில், தலைக்கு மேலே, காற்றாடி இருந்த சதுர ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்தத் தகரத்தில் ஓர் ஆணி விழுந்துபோன துளை. அதன் வழியே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கேமராவுக்குள் என்ன நடக்குமோ அது இந்த அறைக்குள் நடந்துகொண்டிருந்தது: வெளியே இருப்பது சின்னத் துளை வழியே எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு கேமராவுக்குள் நின்றோம். இன்னும் இருட்டு வேண்டும், அவ்வளவுதான்.

"அந்தச் செருப்ப எடுட்டி. வெளிச்சம் வருது."

"கிடக்கட்டும்மா. கதவு மாட்டிக்கிடும்."

"ஒரு நிமிஷம்தான்."

அவள் எடுக்கவில்லை. நானே காலால் செருப்பை நடைபாதைக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கடைசி ஓர் அங்குலம் போக மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஊதிய கதவு என்று நூறு ரிப்போர்ட்டில் எழுதியிருப்பேன். அந்த அங்குலம் மறுத்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. பொத்தென்று கதவு நிலையோடு போய் ஒட்டிக்கொண்டது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பழகியது. வெளியே மேகம் விலகியிருக்க வேண்டும். சுவரில் மலை வந்தது.

வந்தது என்றுதான் சொல்ல முடியும். கூரையிலிருந்து கீழ்நோக்கி, முதலில் சாம்பலாக, பிறகு நீலமாக, பிறகு பச்சையாக. தென்னைகள் கூரையிலிருந்து தொங்கின. சாலை உத்தரத்தை ஒட்டிப் போனது; அதில் ஒரு பஸ் சக்கரங்கள் மேலே இருக்க ஊர்ந்தது. மேல் கீழ் மட்டுமில்லை, திசையும் மாறியிருந்ததால் தென்காசிக்குப் போகிற பஸ், குற்றாலத்துக்குப் போகிற திசையில் போனது. நடுவில் அருவி. வெள்ளை நூல்போல, கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். பிறந்ததிலிருந்து அந்த அருவியைப் பார்க்கிறேன். அது ஓய்வில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும் ஒன்று என்பதை அன்றுதான் பார்த்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்தச் சுவர் பழுதான சுவர். பாதிக்குமேல் பாசி, பூஞ்சணம், காரை உதிர்ந்த பள்ளங்கள். மலையின் காடு சரியாகப் பாசியின்மேல் வந்து உட்கார்ந்தது. காரை உதிர்ந்த இடம் பாறையாயிற்று. எதைச் சேதம் என்று எழுத வந்தேனோ அது இல்லாமல் அந்த மலைக்கு அவ்வளவு ஆழம் வந்திருக்காது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் அது ஒரு படமாக இருந்திருக்கும். இங்கே மலையாகவே இருந்தது.

மேகம் வந்தால் மலை போய்விடும். விலகினால் திரும்ப வரும். நாங்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் முக்காலியை விரித்து அந்தப் படத்தை எடுத்தேன். பத்து இருபத்தேழு.

முதல் இருமல் என் காதில் விழவில்லை என்று எழுதிவிடலாம். விழுந்தது. இன்னொரு முறை மேகம் விலகட்டும், இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்னும் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆலங்குளத்தில் வேலை பார்க்கும் என் கணவரிடம்கூட.

மூன்றாவது இருமலுக்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இல்லை, வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து வரும் மெல்லிய விசில். மூன்று வருஷம் கேட்காத சத்தம். இருட்டிலும் என் உடம்பு முழுக்க அதை அடையாளம் கண்டுகொண்டது. பூட்டியே கிடந்த அறையின் பூஞ்சணம் அத்தனையும் அவள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வா, போவோம்" என்று கதவுக்குப் போனேன்.

இழுக்க எதுவும் இல்லை. கைப்பிடி இல்லை. கதவு நிலையோடு ஒரே மட்டமாக உட்கார்ந்திருந்தது. நகம் நுழையவும் இடுக்கு இல்லை. துளைகளில் சுண்டுவிரலை விட்டு இழுத்தேன். ஸ்கூட்டர் சாவியைச் செருகி நெம்பினேன். வளைய ஆரம்பித்ததும் பயந்து எடுத்துவிட்டேன். அது உடைந்தால் வெளியே போனாலும் இன்ஹேலர் கிடைக்காது. கத்தினேன். ஈயமும் மரமும் என் குரலை வாங்கி வைத்துக்கொண்டன. கூட அவளும் கத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு கத்தலுக்கும் விசில் கூடியது. அதனால் கத்துவதை நிறுத்தினேன்.

"நீ பேசாத. குனிஞ்சு உக்காரு. முட்டுல கைய ஊணிக்கோ" என்றேன்.

காற்று வருவதற்கு அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு வழி. ஆணித்துளை.

அவள் துப்பட்டாவால் அவள் தலையையும் முகத்தையும் மூடினேன். முக்காலியை மடக்கி இரண்டு கையாலும் பிடித்துத் தகரத்தைக் குத்தினேன். முதல் குத்தில் மலை நடுங்கியது. இரண்டாவது குத்தில் இன்னொரு துளை விழுந்தது. சுவரில் இரண்டு மலைகள், ஒன்றின்மேல் ஒன்று, இரண்டு அருவிகள். அந்த நிலைமையிலும் என் கை ஒரு நொடி நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். துருவும் பல்லி முட்டையும் தலையில் கொட்டின. ஒரு மூலை பெயர்ந்தது. தகரம் வெளிப்பக்கமாக மடங்கித் தொங்கியது. வெளிச்சம் அறைக்குள் விழுந்தது. சுவரில் மலை இல்லை. பாசிதான் இருந்தது.

ஓட்டை வழியே சாரல் காற்று வந்தது. அவளை அதன் கீழே நகர்த்தி உட்கார வைத்து, பின்னால் நான் உட்கார்ந்து, என் நெஞ்சில் அவள் முதுகைச் சாய்க்காமல் முன்னால் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் குழந்தையாக இருந்தபோது இரவெல்லாம் அப்படித்தான் பிடித்திருப்பேன். ஆனால் இப்போது அவள் முதுகு என்னுடையதைவிட அகலம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டைகள் ஏறின. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுபட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"யம்மா... மலை... போயிட்டு."

"போனா போட்டும். அது அங்கனதான் இருக்கும். நீ பேசாத."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பத்தைந்து. காவல்காரர் பதினோரு மணி என்றார். அருவிக்குப் போனவன் சொன்ன நேரத்துக்கு வந்த சரித்திரம் இல்லை. பதினொன்று ஆனது. பதினொன்று ஐந்து. உதடு லேசாக நீலம் பாரித்ததா, இல்லை சுவரின் நிழலா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு காலம் நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவள் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை வேண்டியிருக்கவில்லை, அடுத்தது வருகிறதா என்பதுதான் வேண்டியிருந்தது. வந்தது. ஒவ்வொரு முறையும் அது வந்ததை, சற்று முன்பு மலை வந்ததைப் பார்த்ததுபோல் பார்த்தேன். அதைவிடப் பெரிதாக எதையும் நான் பார்த்ததில்லை.

பதினொன்று பத்துக்கு வெளியே ஏதோ உரசியது. பிறகு ஓர் ஆண் குரல், கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரத்தில் பேசுவதுபோல்.

"உள்ள யாராச்சும் இருக்கியளா?"

"தள்ளுங்க அண்ணாச்சி! கதவத் தள்ளுங்க!"

ஒரே தள்ளு. அவ்வளவுதான் அந்தக் கதவு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தோள் போதுமாக இருந்தது. திறந்த வேகத்தில் அவரே தடுமாறி உள்ளே வந்தார். கையில் டேப், காதில் சாக்கட்டி, நல்ல கனத்த உடம்பு. இடிக்கிற கட்டடங்களில் பழைய மரம் வாங்குகிறவர். கதவு ஜன்னல்களை அளந்து குறி போட வந்தவர். மகளைப் பார்த்ததும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"மருந்து இருக்கா?"

"வண்டி... சீட்டுக்கு அடியில... கறுப்புப் பை" என்று சாவியை நீட்டினேன். அவளைப் பிடித்திருந்த இன்னொரு கையை நான் எடுக்கவில்லை. அவர் ஓடினார். அந்த உடம்போடு ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பையைத் திறந்து தேட நேரமில்லை என்று பையோடு கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

இரண்டு முறை அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு முறை. அவளை நடைபாதையில், ஓடு இல்லாத இடத்தில் வானத்துக்குக் கீழே உட்கார வைத்தோம். சாரல் அவள் முகத்தில் விழுந்தது. மெல்ல மெல்ல விசில் இறங்கியது. தோள் இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. பிறகு டாக்டரிடம் போனோம், நெபுலைசர் வைத்தார்கள், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதெல்லாம் பிறகு. இப்போது மதுரையில் நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த மலைப் படத்தைத் தன் போனில் வைத்திருக்கிறாள். என்னால்தான் இன்னும் கைப்பையைக் கீழே வைக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதவுகளைச் சாத்தவும் முடியவில்லை. அந்தப் படத்தைத் திறந்தால் முதலில் வியப்பு வருகிறது. பயம் வருவது அதற்குப் பிறகுதான். அந்த வரிசை மாறவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று அவள் மூச்சு சீரான பிறகுதான் அந்த மனிதர் எதிரே குத்தவைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் என்னை ஒரு பிடி பிடித்தார்.

"சாரல்ல எவளாவது கதவ இப்படி அடைப்பாளா? நீங்க எந்த ஊரு தங்கச்சி?"

"தென்காசி" என்றேன்.

"தென்காசியா!" அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெட்ராஸுன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்."

மகள் சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "நான்... செருப்பு வச்சேன் அண்ணாச்சி. அம்மாதான் எடுத்துட்டா" என்று என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

"நாங்க உள்ள இருக்கது எப்படித் தெரிஞ்சது அண்ணாச்சி? கடைசியில நான் சத்தங்கூடப் போடலையே" என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய், நடைபாதைச் சுவரோரம் நான் தள்ளிவிட்ட இடத்தில் கிடந்த அவள் செருப்பை எடுத்துவந்தார். அவள் காலுக்குப் பக்கத்தில், போட்டுக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்தார்.

"முன்வாசக் கதவ அளந்துட்டு அப்படியே திரும்பிருப்பேன் தங்கச்சி. எட்டிப் பாத்தா கடைசியில இது கிடந்துச்சு. ரெண்டும் கிடந்தா யாரோ மறந்துட்டாங்கன்னு போயிருப்பேன். ஒத்தச் செருப்ப விட்டுட்டு யாரும் வீடு போய்ச் சேர மாட்டாங்கள்லா?"